ஒரு மண்டலம் காட்டு உள்ளி

என் கணவருக்குப் பக்கத்தில் படுத்தால் டிக், டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் மணிக்கூடு எங்கே என்று சுவரில் தேடியிருக்கிறார்கள். அந்தச் சத்தம் அவருடைய நெஞ்சுக்குள்ளிருந்து வருவது. சிறு வயதில், மன்னாரில் இருந்தபோது, அவருக்கு வாதக் காய்ச்சல் வந்து போயிருக்கிறது. காய்ச்சல் போனது, மூட்டு நோவு போனது, இதயத்தில் விழுந்த வடு மட்டும் போகவில்லை. அது தெரியாமலே நாங்கள் கலியாணம் செய்து, இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்து, பிள்ளை இல்லை என்ற கவலைக்கும் பழகி, இருபது வருடத்துக்கு மேல் இங்கே உழைத்தோம். ஒருநாள் மாடிப்படியின் நடுவில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பழுதான வால்வை வெட்டியெடுத்துவிட்டு, உலோக வால்வு ஒன்றை வைத்துத் தைத்தார்கள். அது திறந்து மூடுகிற சத்தம்தான் அது.

முதல் மாதம் அந்தச் சத்தத்தால் எனக்கு நித்திரை வரவில்லை. பிறகு அது கேட்காவிட்டால் நித்திரை வராது என்றாகிவிட்டது.

உலோகத்தில் பட்ட இரத்தம் உறையப் பார்க்குமாம். உறைந்த கட்டி வால்வை இறுக்கும், அல்லது கழன்று மூளைக்குப் போகும். அதனால் இரத்தத்தை உறையவிடாத குளிசை ஒன்றைத் தினமும் பின்னேரம் ஐந்து மணிக்குப் போட வேண்டும், சாகும்வரை போட வேண்டும், ஒருநாளும் தவறக்கூடாது என்று இதய மருத்துவர் சொன்னார். பெண் மருத்துவர், இங்கே டொட்டோரெஸ்ஸா என்பார்கள். பச்சை இலைகளில் இருக்கும் ஒரு சத்துக்கும் இந்தக் குளிசைக்கும் ஒத்துவராது, கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்றும் சொன்னார். நான் இத்தாலியனில் கேட்டுத் தமிழில் அவருக்குச் சொன்னேன். அவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

வெளியே வந்து பஸ்சுக்கு நிற்கும்போது சொன்னார்: "விருந்தும் மருந்தும் மூண்டு நாள் எண்டு சொல்லுவினம். எனக்கு விருந்து ஒரு நாளும் இல்லை, மருந்து மட்டும் சாகுமட்டும்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தக் குளிசையைப் பற்றி நாங்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

குளிசை அவரை உயிரோடு வைத்திருந்தது. ஆனால் என்ன உயிர். பல் தீட்டினால் முரசிலிருந்து, அதுதான் ஈறிலிருந்து, இரத்தம் வரும். மேசை மூலையில் கை தட்டினால் ஒரு வாரத்துக்கு நீலமாகக் கிடக்கும். சவரம் செய்து வெட்டுப்பட்டால் பஞ்சை அழுத்திக்கொண்டு அரை மணித்தியாலம் இருக்க வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் கொடுத்து அளவு பார்க்க வேண்டும். அந்த அளவோ ஒருநாளும் சொன்ன இடத்தில் நின்றதில்லை. ஒருமுறை கூடுதல், மறுமுறை குறைவு. அரைக் குளிசை கூட்டு, கால் குளிசை குறை.

இவற்றையெல்லாம் அவர் பொறுத்திருப்பார். வேலை போனதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. பிரான்காச்சோவில் இரும்புக் கேற்றும் பல்கனிக் கம்பியும் செய்கிற சின்னப் பட்டறை ஒன்றில் அவர் வேலை செய்தார். முதலாளி கெட்ட மனிதர் இல்லை. ஒப்பரேஷன் முடிந்து இவர் போனபோது கட்டிப்பிடித்து, கோப்பி வாங்கிக் கொடுத்து, பிறகு சொன்னாராம்: இரத்தம் வந்தால் நிற்காத ஆளை இரும்பு வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நான் எப்படி விடுவது, அந்தக் குளிசையை நிறுத்தும் நாளில் வா, உன் இடம் இருக்கும். அந்த மனிதர் அன்புக்குத்தான் சொன்னார். என்னவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அன்றிலிருந்து அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: குளிசையை விட்டுவிட்டுப் பட்டறைக்குத் திரும்புவது. எனக்கு வேண்டியதும் ஒன்றுதான்: அவர் உயிரோடு இருப்பது. நான் ஞாயிறு தவிரத் தினமும் காலையில் ரயிலேறிப் பகேரியாவுக்குப் போவேன். அங்கே ஒரு வயதான சிஞ்ஞோராவை, இத்தாலிய அம்மாவை, குளிக்க வார்த்து, சமைத்துக் கொடுத்து, அவருடைய முறைப்பாடுகளைக் கேட்டுவிட்டு ஏழு மணிக்குத் திரும்பினால், வீட்டில் சோறும் கறியும் தயாராக இருக்கும். "சம்பளம் இல்லாத குசினிக்காரன் கிடைச்சிட்டான்" என்று நான் பகிடி விட்டால் அவர் சிரிக்கமாட்டார். கோப்பையைக் கழுவிக்கொண்டே இருப்பார்.

பட்டறையில் வேலை இல்லாவிட்டாலும் பட்டறைக்குப் போவதை அவர் விடவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று தடவை பஸ் பிடித்துப் பிரான்காச்சோவுக்குப் போய், வாசலில் நின்று மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு வருவார். அங்கே வேலை செய்யும் இன்னொரு மன்னார் ஆள் அவரை அண்ணை என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிடுவான், எங்களுக்கு அவன் தம்பி. எங்களோடு ஒரே மாதா கோயிலுக்கு வருகிறவன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற எலுமிச்சைத் தோட்டத்து மதிலடியில் இருந்து கதைப்பார்கள். அந்த மதிலடியில்தான் காட்டு உள்ளி முளைத்திருந்தது.

பூண்டை நாங்கள் உள்ளி என்போம். இது அதன் ஏழைச் சொந்தம். மாரி மழைக்குப் பிறகு புல்லோடு புல்லாக முளைத்து வரும். தண்டை விரலுக்குள் வைத்து உருட்டினால் மூன்று மூலை தெரியும். மாசிக்குப் பிறகு மணி போலத் தொங்குகிற வெள்ளைப் பூ பூக்கும். ஒவ்வொரு இதழிலும் நடுவே ஒரு பச்சைக் கோடு. வேரோடு இழுத்தால் அடியில் சின்ன வெங்காயம் போல ஒரு கிழங்கு. வெயில் ஏறினால் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். இதே மாதிரி இலையோடு நஞ்சுள்ள செடிகளும் முளைக்கும் என்று பட்டறையில் யாரோ சொன்னதால், அவர் ஒவ்வொரு இலையாகக் கசக்கி மணந்து பார்த்துத்தான் பிடுங்கினாராம். அவ்வளவு கவனமான மனிதர்.

ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் கொண்டுவந்து என் மூக்குக்குக் கிட்டப் பிடித்தார்.

"இதை மணந்து பாரும்."

"உள்ளி மணக்குது. கடையிலை வாங்கினதோ?"

"கடையிலை இல்லை, மதிலடியிலை. இரத்தத்தைச் சுத்தமாக்குமாம். பட்டறையிலை இருக்கிற கிழவன் சொன்னவன். அவன்ரை தாய் பங்குனி முடியுமட்டும் இதைத்தான் தின்னக் குடுக்கிறவவாம்."

அன்று தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்டு இலையை வறையாக வறுத்துத் தந்தார். பொய் சொல்லக்கூடாது, நன்றாக இருந்தது. நான் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு காட்டு உள்ளியைப் பற்றித் தெரியாதவர் உலகத்தில் இல்லை என்பது போல ஆகிவிட்டது. பகேரியாச் சிஞ்ஞோராவிடம் சொன்னேன். சிறு வயதில் வயிற்றுப் பூச்சிக்குத் தன் கழுத்தில் உள்ளி மாலை போட்டுவிடுவார்கள், பிரஷருக்கு இந்தக் காட்டு உள்ளியின் இலையைப் பச்சையாகத் தின்னத் தருவார்கள் என்றார். கோயிலில் பெண்கள் சளிக்கு நல்லது என்றார்கள், கொழுப்புக்கு நல்லது என்றார்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு உள்ளி போட்டுச் சரக்குக்கறி வைத்துக் கொடுக்கிற சாதிதானே நாங்கள். உள்ளி கெடுதல் என்று யார் சொல்லப்போகிறார்கள். இவர் தொலைபேசியில் ஒரு நாட்டு வைத்தியரின் வீடியோவைக் கண்டுபிடித்தார். தாடி வைத்த மனிதர். பூண்டு இரத்தக் கட்டியைக் கரைக்கும், இரத்தத்தை இளக்கும், ஒரு மண்டலம் தொடர்ந்து வெறும் வயிற்றில் சாப்பிட்டால் இதயம் புதிதாகும் என்று அடித்துச் சொன்னார். நான் அதை ஒருமுறைதான் பார்த்தேன். இவர் எத்தனை முறை பார்த்தார் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மண்டலம் என்றால் நாற்பது நாள் என்பார்கள் சிலர், நாற்பத்தெட்டு என்பார்கள் சிலர். திருநீற்றுப் புதன் நெருங்கிக்கொண்டிருந்தது.

"தவக்காலமும் நாப்பது நாள்தானே," என்றார். "எப்பிடியும் இறைச்சி தின்னப்போறதில்லை. பத்தியமும் ஆச்சு, தவமும் ஆச்சு. ரண்டும் ஒரே செலவிலை முடியும்."

"ஆண்டவருக்குத் தவம் இருக்கிறியளோ, உள்ளிக்குத் தவம் இருக்கிறியளோ?"

"ஆண்டவர்தானே உள்ளியையும் முளைக்க வைச்சவர்."

"டொட்டோரெஸ்ஸா கீரையைக் கூட்ட வேண்டாம் எண்டு சொன்னவ."

"இது கீரையே? ஒரு பிடி இலை. நீர் பயப்பிடாதையும்."

சந்தையில் வாங்கின பளிங்கு உரலில் காலையில் ஒரு பிடி இலையும் நாலைந்து கிழங்கும் இடித்து, தேன் விட்டு, வெறும் வயிற்றில் விழுங்குவார். வீடு முழுக்க மணம். என் உடுப்பிலும் ஏறிவிட்டது. ரயிலில் எனக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். ஒரு விதத்தில் வசதிதான். அவர் மீன் விட்டார், புளி விட்டார், கோப்பியையும் விட்டார். ஒப்பரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக அவருக்கு ஒரு வேலை இருந்தது. விடிந்ததும் எழும்ப ஒரு காரணம் இருந்தது. அதைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

பின்னேரம் ஐந்து மணிக்கு, சிஞ்ஞோராவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, எப்போதும் போல வீட்டுக்கு போன் எடுப்பேன்.

"குளிசை போட்டாச்சோ?"

"ஓம்."

வேறு கதை இருக்காது. ஓம் என்றதும் வைத்துவிடுவேன். வேலை இல்லாத ஞாயிறுகளில் குசினிக்குள்ளிருந்து கேட்பேன், அதே ஓம்தான்.

உள்ளி வேலை செய்தது. அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. இரண்டு மூன்று வாரத்தில் முரசிலிருந்து வருகிற இரத்தம் நின்றது. கையில் இருந்த நீலமெல்லாம் மஞ்சளாகி மறைந்தது. சவரம் செய்து வெட்டுப்பட்ட இடத்தில் பஞ்சை வைத்து எடுத்தார், நின்றுவிட்டது. கண்ணாடிக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுத் தாடையைக் காட்டினார். மருந்துக்கடையில் பார்த்த பிரஷரும் நன்றாக இருந்தது. முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கோயிலில் பெண்கள், "உங்கடை மனிசன் நல்லாத் தேறியிட்டார்" என்றார்கள். நானும் பெருமையோடு தலையாட்டினேன். இரத்தப் பரிசோதனைக்குப் போகவில்லையா என்று கேட்டபோது, உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வரச் சொல்லிவிட்டார்கள் என்றார். சந்தோஷமாக இருக்கிற மனிதரிடம் இரண்டாம் கேள்வி கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தோம். டிக் டிக் கேட்கவில்லை. காதை நெஞ்சில் வைத்துக் கேட்டேன். இருந்தது, ஆனால் மெதுவாக, துணியால் சுற்றி வைத்த மணிக்கூடு போல.

"சத்தம் குறைஞ்சு போச்சு," என்றேன்.

அவர் தன் நெஞ்சில் தானே கையை வைத்துப் பார்த்தார். அவருடைய முகம் மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன்.

"ஓமெண்ணுறன். எனக்கும் தெரியுது. வால்வு உடம்போடை சேர்ந்திட்டுது போலை. இனிக் கொஞ்ச நாள்தான், பாரும்."

நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குச் சந்தோஷமாக நித்திரை கொண்டோம்.

குருத்து ஞாயிறு அன்று தமிழ்ப் பூசைக்குப் போனோம். இங்கே குருத்தோலையோடு ஒலிவக் கிளையும் கொடுப்பார்கள். வாசலில் சுவாமியார் தண்ணீர் தெளித்து மந்திரித்து முடித்ததும் எல்லோரும் கிளையை உயர்த்திப் பிடித்துப் பாடிக்கொண்டு உள்ளே போனார்கள். என்னவர் எனக்கு ஒரு அடி முன்னால் போனார். அவருடைய வலது கையிலிருந்த ஒலிவக் கிளை கீழே விழுந்தது. அவர் நின்று அதைப் பார்த்தார். குனிந்து எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எடுக்கவில்லை, யாரோ மற்றவருடைய கிளை விழுந்தது போலப் பார்த்துக்கொண்டே நின்றார். "என்னப்பா?" என்றேன். என் பக்கம் திரும்பினார். வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது, மறுபக்கம் தொங்கியது.

பட்டறைத் தம்பிதான் அவரை விழாமல் பிடித்தான். அம்புலன்சிலும் எங்களோடு ஏறினான்.

ஆஸ்பத்திரியில் இளம் மருத்துவர் ஒருவர் வந்து, வால்வில் கட்டி படர்ந்திருக்கிறது, அதிலிருந்து ஒரு துண்டு கழன்று மூளைக்குப் போயிருக்கிறது என்றார். இரத்தத்தின் அளவு குளிசையே போடாத ஆளின் அளவு என்றார். நான் கோபப்பட்டேன். பரிசோதனை பிழை, திரும்பச் செய்யுங்கள் என்றேன். இந்த மனிதர் ஒருநாளும் தவறவிட்டதில்லை, நான் தினமும் ஐந்து மணிக்குக் கேட்கிறேன், அவர் ஓம் என்கிறார் என்று, இருக்கிற இத்தாலியன் எல்லாவற்றையும் சேர்த்துச் சண்டை பிடித்தேன். அவர் பரிசோதனைத் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பக்கத்தில் நின்ற தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

மருத்துவர் போன பிறகு அவன் சொன்னான்.

"அக்கா, கோவிக்கக்கூடாது. அண்ணை குளிசை போடுறேல்லை."

"என்ன கதை கதைக்கிறாய்?"

"மண்டலம் துடங்கின நாளிலையிருந்து போடேல்லை. இங்கிலீஸ் மருந்தும் நாட்டு மருந்தும் ஒண்டாப் போடக்கூடாதாம், உள்ளுக்குச் சண்டை பிடிக்குமாம். டொட்டோரெஸ்ஸாவும் பச்சை இலைக்கும் குளிசைக்கும் ஒத்துவராது எண்டு சொன்னவவாம். அப்ப ஒண்டை விடத்தானே வேணும் எண்டவர். மண்டலம் முடிய உங்களுக்குச் சொல்லுறன், பட்டறைக்குப் போற நாளண்டு சொல்லுறன், அதுமட்டும் வாய் திறக்காதை எண்டு சத்தியம் வாங்கினவர்."

இங்கிலீஸ் மருந்து எடுத்தால் நாட்டு மருந்தை நிறுத்து, நாட்டு மருந்து எடுத்தால் இங்கிலீஸ் மருந்தை நிறுத்து என்பது எங்களில் யாருக்குத் தெரியாது. எனக்கும் தெரியும். என் அம்மா சொல்லுவார், அயலில் எல்லோரும் சொல்லுவார்கள். வேறு நாட்டு ஆள் என்றால் டொட்டோரெஸ்ஸா சொன்னதைக் கேட்டு இலையை விட்டிருப்பான். எங்கள் ஆள் குளிசையை விட்டார். அவர் சோம்பலில் விடவில்லை, மறந்தும் விடவில்லை. மருந்துக்கு மரியாதை கொடுத்து, பத்தியம் பிசகாமல், ஒழுங்காக விட்டார். முரசில் இரத்தம் நின்றது உள்ளியால் அல்ல, குளிசை இல்லாததால். நீலம் மறைந்ததும் அதனால்தான். வால்வின் சத்தம் அடங்கியது கட்டி அதை இறுக்கியதால். நாங்கள் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

குளிசைப் பெட்டிகள் அலுமாரிக்குள் அவருடைய சேட்டுகளுக்குக் கீழே உடைக்காமல் இருந்தன. எறியவில்லை. மருந்தை வீணாக்குகிற மனிதர் இல்லை அவர்.

பல நாளுக்குப் பிறகு இதய டொட்டோரெஸ்ஸா என்னை உட்கார வைத்துப் பேசினார். அவர் அந்தச் செடியைத் திட்டவில்லை. உள்ளிச் சாதிச் செடிகளில் கந்தகம் சேர்ந்த பொருள்கள் இருக்கின்றன, மணமும் உறைப்பும் அவற்றால்தான். பிரஷரைக் கொஞ்சம் இறக்கலாம், இரத்தத்தையும் கொஞ்சம் இளக்கலாம். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, செடிக்குச் செடி மாறும், ஆளுக்கு ஆள் மாறும். பச்சை இலையில் இருக்கும் சத்தோ மறுபக்கம் இழுத்து இரத்தத்தை உறைய வைக்கப் பார்க்கும். சோற்றோடு சாப்பிட நல்ல இலை, வால்வுக்கு அது மருந்தல்ல என்றார். பிறகு, குளிசையை நிறுத்தும் எண்ணம் அவருக்கு இருந்தது என்று ஏன் யாரும் தனக்குச் சொல்லவில்லை என்று கேட்டார். எனக்கே யாரும் சொல்லவில்லையே என்றேன். அவர் என் கையைப் பிடித்தார். கையைப் பிடித்து என்ன, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

வால்வில் இருந்த கட்டியை மருந்து ஏற்றிக் கரைத்தார்கள். ஒருநாள் கட்டிலருகே குனிந்தபோது டிக், டிக் திரும்பக் கேட்டது. முந்தின மாதிரியே, மலிவு மணிக்கூடு போல. இதயம் திரும்பியது. வலது கை திரும்பவில்லை, வலது கால் திரும்பவில்லை, பேச்சும் திரும்பவில்லை. பேச்சில் ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. அவர் சொல்லக்கூடியது "ஓம்" மட்டும்தான்.

இப்படி ஒரே ஒரு சொல் தங்கிவிடுவது உண்டாம், அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இருக்கவேண்டும் என்று இல்லையாம். பசிக்குதோ என்றால் ஓம். சாப்பிட்டாச்சே என்றால் ஓம். வலியா, ஓம். வலி இல்லையா, ஓம். முதலில் அதைக் கேட்டு நான் அழுதேன், பிறகு எரிச்சல் பட்டேன், பிறகு கேட்பதைக் குறைத்தேன். ஒரு வருடத்தில் வராதது இனி வராது என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு வருடம் போய்விட்டது.

பகேரியா வேலையை விட்டுவிட்டேன். இப்போது வியா மக்வேதா தெருவுக்குக் கிட்ட ஒரு வீட்டில் காலையில் மட்டும் துப்புரவு வேலை. கோயில் ஆட்கள் வருகிறார்கள், செபம் சொல்கிறார்கள். ஊருக்குப் போய்வந்த ஒருத்தி வசம்பு கொண்டுவந்து தந்தாள். பேச்சு வராத குழந்தைக்கு நாக்கில் உரைத்துத் தடவுவது போல இவருக்கும் தடவச் சொன்னாள். "அவருக்கு இங்கிலீஸ் மருந்து நடக்குது" என்று சொன்னேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. வசம்பை நான் எறியவில்லை. அலுமாரிக்குள் இருக்கிறது. உரைத்துப் பார்ப்போமா என்று கை போகிற நாட்களும் உண்டு.

பட்டறைத் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவரைப் படியால் இறக்கிச் சக்கர நாற்காலியில் இருத்தித் தருவான். அவனோடு நான் அதிகம் கதைப்பதில்லை. சத்தியத்தைக் காப்பாற்றினதற்காக ஒருவனைத் திட்ட முடியாது. திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. வியா மக்வேதாவில் வாகனம் போகாது, நாற்காலி தள்ள வசதி. போன ஞாயிறு கூட்டம் அதிகம் என்று பின்சந்தால் வந்தோம். அங்கே இடிந்த வீடு ஒன்றின் காணி, கம்பிவலை போட்டு, பல வருடமாகச் சும்மா கிடக்கிறது. வலைக்குள்ளே நிலம் முழுவதும் வெள்ளைப் பூ. மழை பெய்து ஓய்ந்திருந்ததால் மணம் சந்து முழுக்க வந்தது.

அவர் இடது கையைத் தூக்கி அதைக் காட்டினார்.

"ஓம்," என்றார்.

நாற்காலியை நிறுத்தினேன். வலைக்கு வெளியே தலையை நீட்டியிருந்த ஒரு பூவைத் தண்டோடு இழுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் அதைக் கையில் எடுத்து, தண்டை விரலுக்குள் வைத்து உருட்டினார், அந்த மூன்று மூலையைத் தேடுவது போல. பிறகு மணந்து பார்த்தார்.

"உங்களுக்கு இது வேணுமோ?"

"ஓம்."

"வேண்டாமோ?"

"ஓம்."

தம்பி கொஞ்சத் தூரம் முன்னால் போய் நின்று போன் பார்த்தான். ஒரு வருடமாகத் தொண்டையில் வைத்திருந்ததை நான் அப்போதுதான் கேட்டேன்.

"நான் ஒவ்வொரு நாளும் கேட்டனானே. ஏன் ஓம் எண்டு சொன்னனீங்கள்? போடேல்லை எண்டு ஒருநாள் எண்டாலும் சொல்லியிருக்கலாமே?"

அவர் என்னைப் பார்த்தார். வாய் திறந்து, ஏதோ ஒரு நீளமான பதிலுக்கு ஆயத்தப்படுவது போல உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. நான் குனிந்து, காதை அவர் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

"ஓம்," என்றார். கண்ணால் தண்ணீர் ஓடியது. "ஓம். ஓம்."

அந்தப் பூவை அவர் கையிலிருந்து எடுத்து வலைக்குள் போட்டேன். வீட்டுக்கு வந்தோம். ஐந்து மணியாகியிருந்தது. குளிசையை அவர் நாக்கில் வைத்துத் தண்ணீர் பருக்கினேன்.

"விழுங்கியாச்சோ?"

"ஓம்."

"வாயைத் திறவுங்கோ," என்றேன்.

திறந்தார். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும், இரண்டு கன்னத்துக்குள்ளும் விரல் விட்டுத் தேடிப் பார்த்தேன். தினமும் அப்படித்தான் பார்க்கிறேன்.